கண்ணாடிச் சீட்டில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன?

கண் பரிசோதனை முடிந்து வெளியே வருவோர் கையில் ஒரு சிறு சீட்டு இருக்கும். வலது கண், இடது கண் என இரண்டு வரிசைகள்; ஒவ்வொன்றிலும் கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் சில எண்கள். பெரும்பாலோர் அதைக் கண்ணாடிக் கடையில் நீட்டியதோடு மறந்துவிடுகின்றனர். ஆனால் அவ்வெண்களைப் பற்றிய ஐயங்கள் மட்டும் வீட்டில் தொடர்ந்து உலவுகின்றன. "மைனஸ் இரண்டு என்றால் பார்வையில் எத்தனை சதவீதம் போய்விட்டது?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "கண்ணாடி போடப் போட நம்பர் ஏறிக்கொண்டே போகுமாமே?" என்று தயங்குகின்றனர். "பத்து ஆண்டுகளாகக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அம்மா, இப்போது வெறுங்கண்ணாலேயே நாளிதழ் படிக்கிறார், நல்லதுதானே?" என்று மகிழ்ச்சியோடு கேட்போரும் உண்டு. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை பள்ளியில் நாம் படித்த ஒளியியலிலேயே இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கான விடை சற்றுக் கவலை தரக்கூடியது. அதை உரிய இடத்தில் காண்போம்.

விளக்கத்துக்காக, ஐம்பது வயதை நெருங்கும் ஒருவரின் சீட்டை எடுத்துக்கொள்வோம். வலது கண்: −2.50, அதன் அருகில் −0.75 × 180. இடது கண்: −2.00. கீழே, 'ஆட்' என்ற சொல்லுக்கு எதிரே +1.50.

டயாப்டர் என்னும் அளவு

சிறு வயதில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிப் பார்க்காதவர் குறைவு. சூரிய ஒளி ஒரே புள்ளியில் குவியும் இடம்வரை கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தியிருப்போம். அந்தப் புள்ளிக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள தூரமே குவியத் தூரம். லென்ஸ் எவ்வளவு வலிமையாக ஒளியை வளைக்கிறதோ, அவ்வளவு அருகில் புள்ளி விழும். ஆகவே லென்ஸின் திறனைக் குவியத் தூரத்தின் தலைகீழாக அளப்பது இயல்பாகவே வசதியானது. ஒரு மீட்டர் தொலைவில் குவிக்கும் லென்ஸின் திறன் 1. அரை மீட்டரில் குவிப்பது 2. கால் மீட்டரில் குவிப்பது 4. இந்த அலகுக்கு டயாப்டர் என்று பெயர். பிரெஞ்சுக் கண் மருத்துவர் மோனோயே இதை 1872-இல் முன்மொழிந்தார்.

நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த குவிலென்ஸ் ஒளியைக் குவிக்கும். அதற்குக் கூட்டல் குறி. நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த குழிலென்ஸ் ஒளியை விரிக்கும். அதற்குக் கழித்தல் குறி. சீட்டில் உள்ள கழித்தல் குறி எதையும் இழந்ததைக் குறிக்கவில்லை. −2.00 என்பது சதவீதமும் அன்று, மதிப்பெண்ணும் அன்று. அது கடைக்காரர் எடுத்துத் தரவேண்டிய லென்ஸின் வடிவத்தைச் சொல்லும் எண், அவ்வளவே. 

பார்வையின் கூர்மையை அளப்பது வேறோர் எண். 6/6, 6/60 என்று எழுதப்படுவது அதுவே. 6/60 என்றால், இயல்பான கண் 60 மீட்டரிலிருந்து படித்துவிடும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது என்று பொருள். −6.00 கண்ணாடி அணிந்தவர் அக்கண்ணாடியோடு 6/6 படிக்கலாம். எந்தக் கண்ணாடியும் தேவைப்படாத ஒருவர், விழித்திரை நோயினால், 6/60-உம் படிக்க இயலாதிருக்கலாம். மருத்துவர் உண்மையில் கவலைப்படுவது இரண்டாமவரைப் பற்றித்தான்.

கண்ணுக்குள் இருக்கும் அறுபது

நம் கண்ணும் ஒரு குவிலென்ஸ் அமைப்பே. அதன் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். இவ்வளவு திறனும் உள்ளே இருக்கும் விழிலென்ஸிலிருந்து வருகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 43 டயாப்டர் அளவு, கார்னியா என்னும் முன்புறப் படலத்திலிருந்து கிடைக்கிறது. காரணம் எளிது. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வேறுபாடு மிகுந்தால் வளைவும் மிகும். காற்றின் எண் 1. கார்னியாவின் எண் ஏறக்குறைய 1.38. இந்தப் பெரிய வேறுபாடு கண்ணின் முன்வாசலிலேயே நிகழ்கிறது.

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதற்குச் சான்று தேவையில்லை. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. கார்னியாவின் எண்ணுக்கு மிக நெருங்கியது. எனவே நீருக்குள் கார்னியா தன் திறனை ஏறக்குறைய முழுவதும் இழக்கிறது; எல்லாம் கலங்கித் தெரிகிறது. நீச்சல் கண்ணாடி அணிந்தால் தெளிவாகத் தெரிவதும் அக்கண்ணாடியின் ஆற்றலால் அன்று. கார்னியாவின் முன்னே ஒரு சிறு அறைக் காற்றை அது காத்து வைத்திருப்பதால்தான்.

எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு விழிலென்ஸுடையது. அதன் சிறப்பு அளவில் இல்லை, நெகிழ்வில் இருக்கிறது. கார்னியாவின் வளைவு மாறுவதில்லை. விழிலென்ஸோ, தன்னைச் சுற்றியுள்ள சிலியரித் தசை சுருங்கும்போது தடித்து, திறனைக் கூட்டிக்கொள்கிறது. தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து கையிலுள்ள புத்தகத்துக்குப் பார்வையைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில் இது நிகழ்ந்து முடிகிறது. இதனையே விழி ஏற்பமைவு என்கிறோம்.

இந்த அமைப்பு குவிக்கும் பிம்பம் சரியாக விழித்திரையின்மேல் விழவேண்டும். முன்னால் விழுந்தாலும் பின்னால் விழ முயன்றாலும் மங்கல்தான். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதையும், கண்ணாடி ஏன் உதவுகிறது என்பதையும் முதன்முதலில் சரியாக விளக்கியவர், கோள்களின் இயக்கத்துக்கு விதிகள் கண்ட கெப்ளர், ஆண்டு 1604. ஆனால் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்யப்பட்டுவிட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், காரணம் அறியாமலேயே மக்கள் கண்ணாடி அணிந்து பயன்பெற்றிருக்கின்றனர்.

கிட்டப்பார்வை

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் உள்ளது தெரியாது என்று பொருள் கொள்வோர் உண்டு. வீட்டில் வரலாறு சொல்லும்போது இதனால் குழப்பம் நேர்கிறது. கிட்டத்தில் உள்ளது மட்டும் நன்றாகத் தெரியும் பார்வையே கிட்டப்பார்வை. ஐயம் இருந்தால் பெயரை விட்டுவிட்டு, "கரும்பலகை தெரியவில்லை", "ஊசியில் நூல் கோக்க முடியவில்லை" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவே போதும்.

கிட்டப்பார்வை உள்ள கண்ணின் திறன் பெரும்பாலும் இயல்பானதே. விழிக்கோளம்தான் சற்று நீண்டுவிட்டிருக்கும். வளர்ந்தவரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அது ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கிட்டப்பார்வை உண்டாகிறது. பிம்பம் விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்து, பிறகு மீண்டும் விரிந்து, விழித்திரையில் புள்ளியாக விழாமல் ஒரு வட்டமாக விழுகிறது. அவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதே நாம் உணரும் மங்கல்.

நாம் எடுத்துக்கொண்ட சீட்டின் வலது கண்ணைப் பாருங்கள்: −2.50. ஒன்றை இரண்டரையால் வகுத்தால் 0.4 மீட்டர், அதாவது 40 சென்டிமீட்டர். இக்கண் கண்ணாடியின்றித் தெளிவாகக் காணக்கூடிய மிகத் தொலைவான புள்ளி அதுவே. −1.00 உள்ளவருக்கு அது ஒரு மீட்டர், −5.00 உள்ளவருக்கு 20 சென்டிமீட்டர். குழிலென்ஸ் செய்யும் வேலையும் இதிலிருந்தே விளங்கும். எங்கோ தொலைவிலிருந்து வரும் ஒளியை, 40 சென்டிமீட்டரிலிருந்து வருவதுபோல விரித்து அனுப்புகிறது. கண் தனக்கு எட்டும் தொலைவில் உள்ள பொருளைப் பார்ப்பதாகவே எண்ணி அதைத் தெளிவாகக் காண்கிறது. கண்ணாடி கண்ணைத் திருத்துவதில்லை, கண்ணுக்கு வரும் ஒளியைத் திருத்துகிறது.

கண்ணாடி போட்டால் நம்பர் ஏறும் என்ற அச்சத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நம்பரை நிர்ணயிப்பது விழிக்கோளத்தின் நீளம். பள்ளி வயதில் குழந்தையின் உயரம் கூடுவதுபோல விழிக்கோளமும் வளர்கிறது. கிட்டப்பார்வை உள்ள குழந்தையில் அது தேவைக்கு மேல் வளர்கிறது. கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் அந்த வளர்ச்சி நிகழும். கண்ணாடி வாங்கிய பிறகு நம்பர் ஏறுவதைப் பார்ப்பவர்கள் கண்ணாடியின்மேல் பழி போடுகின்றனர். புதுச் சட்டை தைத்த பிறகு பையன் உயர்ந்துவிட்டான் என்பதற்காகத் தையற்காரரைக் குறை சொல்வது போன்றது இது.

"கொஞ்சம் குறைத்தே எழுதிக் கொடுங்கள், கண் பழகிக்கொள்ளும்" என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளும் பெற்றோரும் இருக்கின்றனர். முன்பு மருத்துவர் சிலரும் இவ்வாறே செய்துவந்தனர். மலேசியாவில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே குறைத்துக் கண்ணாடி தரப்பட்ட குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவதற்குப் பதில், முழு அளவு பெற்றவர்களைவிட வேகமாகவே கூடியது. குறைத்து எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. கரும்பலகை மட்டும் தெரியாமல் போகும்.

உண்மையில் பயன் தருவது வேறு. பகல் வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே, நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செலவிடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பு குறைகிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை. மாலை விளையாட்டை நிறுத்தித் தனிவகுப்புக்கு அனுப்பும் முன் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம். நம்பர் வேகமாக ஏறும் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த அடர்த்தியுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தும், அதற்கெனச் செய்யப்பட்ட சிறப்பு லென்ஸ்களும் இப்போது உள்ளன. அவை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே தரத்தக்கவை.

−6.00-க்கு மேற்பட்ட எண் உள்ளவர்கள் ஒன்றை மறக்கலாகாது. நீண்டு போன விழிக்கோளத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள் பல, ஒரு பக்கத்திலிருந்து திரை விழுவது போன்ற மறைப்பு ஆகியவை தோன்றினால், விழித்திரை பிரிந்துவருகிறது என்று ஐயுறவேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்கு வரவேண்டும். மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கலாகாது. லேசர் சிகிச்சையால் கண்ணாடியை விட்டவர்களுக்கும் இது பொருந்தும். அச்சிகிச்சை, ஒவ்வொரு டயாப்டருக்கும் 12 முதல் 16 மைக்ரான் அளவு கார்னியாவைச் செதுக்கி அதன் வளைவைக் குறைக்கிறது. முன்வாசல் மாறுகிறதே தவிர, வீட்டின் நீளம் மாறுவதில்லை. கண்ணாடி போய்விட்டது, மெலிந்த விழித்திரை அங்கேயே இருக்கிறது.

தூரப்பார்வையும் மாறுகண்ணும்

விழிக்கோளம் குட்டையாக இருந்தால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால்தான் குவிய முடியும். இதுவே தூரப்பார்வை, இதற்குக் குவிலென்ஸ் தேவை. பாடநூலில் இது கிட்டப்பார்வையின் நேர் எதிர்ப்பக்கமாக ஒரே பத்தியில் முடிந்துவிடும். மருத்துவமனையில் அப்படி முடிவதில்லை.

குழந்தையின் விழிலென்ஸ் மிகவும் நெகிழ்வானது. பத்து வயதில் ஏறத்தாழ 14 டயாப்டர் வரை திறனைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே +4.00 தூரப்பார்வை உள்ள குழந்தை, அந்த நான்கையும் தன் தசையாலேயே ஈடுகட்டிவிடும். கேட்டால் "நன்றாகத் தெரிகிறது" என்றே சொல்லும். பொய்யன்று, உண்மையாகவே தெரிகிறது. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு தசை ஓயாது உழைத்துக்கொண்டிருக்கிறது. மேலும், அருகில் பார்ப்பதற்காக விழிலென்ஸ் தடிக்கும்போதெல்லாம் இரு விழிகளும் மூக்கை நோக்கித் திரும்பும்படி இயற்கை இவ்விரண்டையும் பிணைத்து வைத்திருக்கிறது. தொலைவைப் பார்க்கும்போதும் தசையை முடுக்க வேண்டியிருந்தால், விழி தேவையின்றி உள்நோக்கித் திரும்புகிறது. இரண்டு, மூன்று வயதில் தோன்றும் மாறுகண் பலவற்றுக்கு இதுவே காரணம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் மறையவில்லை. அந்த நம்பிக்கை ஒரு கண்ணின் பார்வையையே விலையாகக் கேட்கக்கூடியது. இரு விழிகளும் வெவ்வேறு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு காட்சிகள் வந்து சேரும். குழப்பத்தைத் தவிர்க்க, அது ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான பார்வை வளர்ச்சி நின்றுபோகிறது. இதையே சோம்பல் கண் என்கிறோம். ஏழு, எட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி தந்து, தேவைப்பட்டால் நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிப் பயிற்சி அளித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இருபது வயதில், வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியும் பெரிதாக உதவாது. கண்ணில் குறையில்லை, அதைப் பார்க்க மூளை கற்கவில்லை.

மாறுகண் இல்லாமலேயே சோம்பல் கண் உண்டாவதும் உண்டு. ஒரு கண்ணில் நம்பர் இல்லை, மற்றதில் +4.00 என்றால், குழந்தை நல்ல கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். யாருக்கும் ஐயம் எழாது. ஆகவே, ஒரு கண்ணைக் கையால் மூடி, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு மறு கண். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால், குழந்தை குறை சொல்லும்வரை காத்திராதீர்கள். பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் பின்னாளில் வரன் அமைவது கடினம் என்று தள்ளிப்போடும் வீடுகளுக்கும் இதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது: தள்ளிப்போட்ட கண்ணாடியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், தள்ளிப்போட்ட பார்வையை வாங்க முடியாது.

× 180

சீட்டில் வலது கண்ணுக்கு இரண்டாவதாக −0.75 × 180 என்று இருந்ததல்லவா? முதல் எண் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வேலை செய்யும் கோள லென்ஸுக்கு உரியது. இரண்டாவது, ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் உருளை லென்ஸுக்கு உரியது. கடைகளில் சிலிண்டர் என்பார்கள். கார்னியா கோலிக்குண்டு போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல், கரண்டியின் முதுகைப் போல நீளவாட்டில் குறைவாகவும் குறுக்குவாட்டில் கூடுதலாகவும் வளைந்திருந்தால், ஒரு புள்ளியின் ஒளி ஒரே இடத்தில் குவிவதில்லை. கிடைக்கோடு தெளிவாகவும் செங்குத்துக்கோடு கலங்கியும், அல்லது அதற்கு மாறாகவும் தெரியும். இதுவே அஸ்டிக்மாட்டிசம் என்னும் பார்வைச் சிதறல்.

180 என்பது பாகைக் கணக்கு. உருளையின் அச்சு கிடையாக இருக்கவேண்டும் என்று பொருள். அச்சின் திசையில் உருளைக்குத் திறன் இல்லை; அதற்குச் செங்குத்தான திசையில்தான் திறன். ஆகவே இந்தக் கண்ணாடி கிடைவாட்டில் −2.50 ஆகவும், செங்குத்துவாட்டில் −3.25 ஆகவும் வேலை செய்யும். சட்டம் வளைந்து லென்ஸ் சற்றே திரும்பிவிட்டாலும் திருத்தம் கெட்டுவிடும். சிலிண்டர் நம்பர் கூடுதலாக உள்ளவர்கள் வளைந்த சட்டத்தோடு நாட்களைக் கழிப்பது தலைவலியை விலைக்கு வாங்குவதாகும்.

இக்குறையைத் தன் கண்ணிலேயே கண்டறிந்து அளந்தவர் ஆங்கில அறிஞர் தாமஸ் யங். குறை கார்னியாவிலா, விழிலென்ஸிலா என்று அறிய, அவர் தம் கண்ணின் முன்புறம் நீரைத் தேக்கிக் கார்னியாவின் திறனை நீக்கிப் பார்த்தார். சிதறல் அப்போதும் மாறவில்லை. எனவே தம் வரையில் அது விழிலென்ஸில் உள்ளது என்று முடிவு செய்தார். 1801-இல் வெளியான இந்த ஆய்வுக்கும், குளத்தில் நாம் கண்ட கலங்கலுக்கும் அடிப்படை ஒன்றே. இதற்குக் கண்ணாடி செய்து அணிந்தவர் வானியலாளர் ஜார்ஜ் ஏரி. 1825-இல், தம் இடது கண்ணுக்காக.

வெள்ளெழுத்து

நாற்பதைக் கடந்தவர்கள் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கத் தொடங்குவது நோயால் அன்று. விழிலென்ஸ் ஆண்டுதோறும் இறுகிக்கொண்டே வருகிறது. பத்து வயதில் 14 டயாப்டர் இருந்த நெகிழ்வு, நாற்பதில் ஏறக்குறைய 5, அறுபதில் 1 என்று குறைந்துவிடும். இது ஒரே நாளில் வருவதன்று. இளமையிலேயே தொடங்கிவிட்ட இழப்பு. 40 சென்டிமீட்டரில் படிக்க 2.50 டயாப்டர் தேவை என்பதால், கையிருப்பு அதற்கு நெருங்கி வரும்போதுதான் நாம் அதை உணர்கிறோம். மேலும், இருப்பு முழுவதையும் செலவிட்டுக்கொண்டே நெடுநேரம் படிக்க இயலாது. ஏறத்தாழ பாதியைத்தான் வசதியாகப் பயன்படுத்தலாம். நம் சீட்டுக்கு உரியவரிடம் 2 டயாப்டர் எஞ்சியிருக்கிறது என்று கொண்டால், அவர் சிரமமின்றித் தரக்கூடியது 1. தேவைப்படும் 2.50-இல் எஞ்சிய 1.50-ஐக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி தருகிறது. சீட்டில் 'ஆட் +1.50' என்று எழுதியிருப்பது இதுவே.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் படிக்கலாம் என்பது கவனிக்கத்தக்கது. அவருடைய வலது கண்ணின் எல்லை 40 சென்டிமீட்டர் என்று முன்பே கண்டோம்; புத்தகமும் அங்கேதான் இருக்கிறது. கிட்டப்பார்வை உள்ள முதியோர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பது வெறும் பழக்கமன்று, சரியான இயற்பியல்.

இனி, தொடக்கத்தில் விட்டுவைத்த கேள்வி. அறுபதைக் கடந்த ஒருவர், பல ஆண்டுகள் படிப்புக் கண்ணாடி அணிந்தவர், இப்போது வெறுங்கண்ணால் படிக்கிறார் என்றால், வெள்ளெழுத்து குணமாகியிருக்க முடியாது. இறுகிய லென்ஸ் மீண்டும் இளகாது. கண்புரையில் ஒருவகை, விழிலென்ஸின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. அப்பகுதி அடர்த்தியாவதால் அதன் ஒளிவிலகல் எண் கூடி, கண்ணின் திறனும் கூடிவிடுகிறது. அதாவது, அவருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது. அருகில் உள்ளது தெரிகிறது. ஆனால் தெருவில் வரும் பேருந்தின் எண் தெரிவதில்லை, இரவில் எதிர்வரும் விளக்குகள் கண்ணைக் கூசுகின்றன. இந்த மகிழ்ச்சி சில மாதங்களோ சில ஆண்டுகளோதான் நீடிக்கும். பிறகு அருகிலும் மங்கும். அஞ்சத் தேவையில்லை, ஆனால் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணாடி மாற்றியும் நிறைவு பெறாத முதியோர்க்கும் இதே அறிவுரைதான்.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் விழிலென்ஸ் இவ்வாறு தற்காலிகமாக மாறும். இரத்தச் சர்க்கரை வெகுவாக ஏறும்போதும், சிகிச்சையால் விரைவாக இறங்கும்போதும், லென்ஸுக்குள் நீரின் அளவு மாறி அதன் திறனும் மாறுகிறது. அந்நாட்களில் எடுத்த அளவுக்குக் கண்ணாடி செய்தால், அடுத்த மாதம் அது பொருந்தாது. சர்க்கரை கட்டுப்பாட்டுக்கு வந்து சில வாரங்கள் நிலைத்த பிறகே புதுக் கண்ணாடிக்கு அளவு எடுப்பது வழக்கம். பணம் வீணாகாது.

கண்புரை அறுவை சிகிச்சையில் பழுதான விழிலென்ஸை நீக்கி, அவ்விடத்தில் செயற்கை லென்ஸ் வைக்கப்படுகிறது. லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இல் இதனைத் தொடங்கினார். இம்முறை பரவுவதற்கு முன், லென்ஸை நீக்கிவிட்டு வெளியே +10 டயாப்டர் அளவுக் கண்ணாடி தருவார்கள். 'சோடாப்புட்டிக் கண்ணாடி' என்று ஊரார் சொன்ன தடித்த கண்ணாடி பல தாத்தா, பாட்டிகளின் முகத்தில் இருந்தது இதனால்தான். அது பிம்பத்தை ஏறத்தாழ கால் பங்கு பெரிதாக்கியும் காட்டியது, படியிறங்கத் தடுமாறினார்கள். இன்றைய செயற்கை லென்ஸ் அத்தொல்லையை ஒழித்தது. எனினும் வழக்கமாக வைக்கப்படும் லென்ஸின் திறன் ஒன்றே. அதற்கு நெகிழ்வு கிடையாது. தொலைவுக்கு ஏற்ப அதைப் பொருத்தினால், படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும். "ஆபரேஷன் செய்தும் கண்ணாடியா?" என்று வருந்துவோர், அறுவையில் ஏதோ குறை என்று எண்ணவேண்டாம்.

ஊசித் துளையும் சன்னல் கம்பியும்

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்கவை இரண்டு உண்டு. தடித்த அட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவு துளையிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் துளை வழியே தொலைவிலுள்ள எழுத்தைப் பாருங்கள். மங்கிய எழுத்து தெளிவடைந்தால், குறை பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகக்கூடியது. குறுகிய துளை வழியே மெல்லிய ஒளிக்கற்றை மட்டும் நுழைவதால், குவியம் தவறினாலும் விழித்திரையில் விழும் வட்டம் சிறிதாகிவிடுகிறது. குழந்தை தொலைக்காட்சியைக் கண் இடுக்கிப் பார்ப்பதும் இதே உத்திதான். இரவில் கண்பாவை விரிவதால் வட்டம் பெரிதாகி மங்கல் கூடுவதும் இதன் மறுபக்கம். துளை வழியே பார்த்தும் தெளிவு சிறிதும் கூடவில்லை என்றால், நீங்கள் செல்லவேண்டிய இடம் கண்ணாடிக் கடை அன்று, மருத்துவமனை.

மற்றொன்று, புதுக் கண்ணாடி வாங்கி வந்ததும் செய்யவேண்டியது. லென்ஸின் நடுப்புள்ளி கண்பாவைக்கு நேரே இருக்கவேண்டும். விலகினால் அது முப்பட்டகம் போல ஒளியைப் பக்கவாட்டில் தள்ளும். −5.00 லென்ஸ் 4 மில்லிமீட்டர் விலகியிருந்தால், ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பொருள் 2 சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். இரு கண்களிலும் எதிரெதிராக விலகியிருந்தால் இரட்டிப்பாகும். விழிகள் அதை ஈடுகட்ட நாள் முழுதும் இழுபடும். 'புதுக் கண்ணாடி பழகவில்லை' என்று நாம் பொறுத்துக்கொண்டிருப்போம். அதனால்தான் இரு கண்பாவைகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் சீட்டில் மில்லிமீட்டரில் குறிக்கிறார்கள். அந்த எண் இல்லாமல் கண்ணாடி செய்யச் சொல்லாதீர்கள்.

சோதிக்கும் முறை இது. கண்ணாடியைக் கையளவு தூரத்தில் பிடித்து, சன்னலின் செங்குத்துக் கம்பி ஒன்றை லென்ஸ் வழியே பாருங்கள். லென்ஸுக்குள் தெரியும் கம்பியும் வெளியே தெரியும் கம்பியும் முறிந்து விலகித் தோன்றும். கண்ணாடியை இடவலமாக மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரண்டும் ஒரே கோடாக இணையும். அக்கோடு நடுப்புள்ளி வழியே செல்கிறது. பேனாவால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். மறு லென்ஸிலும் அவ்வாறே. இரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். புரோகிரசிவ் லென்ஸுக்கு இம்முறை பொருந்தாது. அதைக் கடையிலோ மருத்துவமனையிலோதான் சரிபார்க்க வேண்டும். மற்றவற்றில் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு, நம்பர் குறைந்த கண்ணாடியில் பொருட்படுத்தத் தக்கதன்று. அதற்கு மேல் இருந்தால், அல்லது நம்பர் −4.00, +4.00-ஐத் தாண்டியிருந்தால், சீட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிச் சென்று, மாற்றித் தரும்படி கேளுங்கள்.